தேர்வு எழுத வேண்டியவர் யார்?

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, தென்னேரி மாலைநேரப் படிப்பக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமை, கல்வி, அன்பு என்று மூன்று சொற்களைக் கொடுத்து, "உங்க அனுபவத்துல இருந்து பேசுங்கக்கா" என்று சொன்னார்கள். மூன்றும் பெரிய சொற்கள். தனித்தனியாகப் பேசினால் பள்ளிக்கூட ஆண்டு விழா உரை போல ஆகிவிடும். அதனால் மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். இந்தச் சமூகத்தில் தேர்வு எழுத வேண்டியவர் யார்?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், சின்ன வயதிலிருந்து நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "நல்லாப் படி, சாதியெல்லாம் தானாப் போயிடும்." ஆசிரியர் சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், மேடைக்கு வருகிற கட்சிக்காரர் சொல்கிறார். நம் அம்மா அப்பாவும் சொல்கிறார்கள். அவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள், அது வேறு. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நீ படித்துக் காட்டு, அப்புறம் உன்னை மனிதனாக மதிப்பதா வேண்டாமா என்று பார்க்கிறோம் என்பதுதான் அந்த நிபந்தனை. இந்த நிபந்தனைக்கு வயது அதிகம். நம் மாவட்டத்திலேயே அது கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 920ஐ ஒட்டிய ஆண்டுகள். குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதுகூட பிரதமர் அதைப் பெருமையாகக் குறிப்பிட்டார். கணக்குக் காட்டாதவன் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல விதிதான், இன்றைக்கும் தேவைப்படுகிற விதி. ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேதப் படிப்பு இருந்தால், அரைக்கால் வேலி நிலம் போதும். அது பிராமணர்களுடைய சபை. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. வேதத்தைக் காதால் கேட்கக்கூடாது என்று ஒரு கூட்டத்தை விலக்கி வைத்துவிட்டு, வேதம் தெரிந்தவன்தான் சபைக்கு வரலாம் என்று விதி எழுதினால், அதற்குப் பெயர் தேர்வா? கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் பரிசு என்று சொல்வது போலத்தான் அது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் தெற்கே சவுத் கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே 1895இல் எழுதிய மாநில அரசியல் சட்டத்தின்படி, வாக்காளராகப் பதிவு செய்ய அந்தச் சட்டத்தின் ஏதாவது ஒரு பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். உத்திரமேரூருக்கும் சவுத் கரோலினாவுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி, நடுவில் பெருங்கடல். கணக்கு மட்டும் ஒன்று: நிலம் இருக்கிறதா, படிப்பு இருக்கிறதா? அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. தடுத்தவர்களே பிறகு வினாத்தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வினாத்தாளை எதிர்கொண்ட ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். செப்டிமா கிளார்க் என்று ஒரு கறுப்பின ஆசிரியை. 1898இல் பிறந்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் அவருடைய வேலையைப் பறித்தார்கள். சங்கத்தை விட்டு வெளியே வா, வேலை இருக்கும் என்றார்கள். அவர் வரவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜான்ஸ் தீவு என்கிற இடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்று தொடங்கியது. ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில் நடந்தது. வெள்ளையர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் பின்னறை. அங்கே பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிற தொழில் அவருடையது, ஆசிரியர் பயிற்சி கிடையாது. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர்களை மட்டமாகப் பார்க்காத ஓர் ஆள் வேண்டும் என்பது கிளார்க்கின் எண்ணம். ராபின்சன் முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்களுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டார். ஒருவருக்குத் தன் பெயரை எழுத வேண்டும். இன்னொருவருக்குத் தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். எல்லோருக்கும் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டும். அவர் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் வாசிக்க வேண்டும் என்றார்.

அந்த வகுப்புகள் தெற்கு முழுக்கப் பரவின. படித்தவர்கள் போய்த் தேர்வு எழுதினார்கள், பதிவு செய்தார்கள். ஆனால் தேர்வில் தேறுவதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தேர்வே கூடாது என்று போராடினார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் அந்த எழுத்தறிவுத் தேர்வை அங்கே நிறுத்தியது.

நம் நாட்டில் அந்தத் தேர்வை வைக்கவே விடாமல் செய்ததில் பாபாசாகேப் அம்பேத்கருக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வாக்கு. 1928இல் சைமன் குழுவின் முன்னால் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடியவர் அவர். படிக்காதவனுக்கு எதற்கு வாக்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18 விழுக்காடுதான். அந்த மக்கள்தான் 1951-52இல் சின்னத்தைப் பார்த்து வாக்குப் போட்டு ஒரு குடியரசை நடத்திக் காட்டினார்கள். என் பாட்டி அதில் வாக்குப் போட்டவர். அவருக்குக் கடைசிவரை ஓர் எழுத்தும் தெரியாது.

உரிமை முதலில் வரும், படிப்பு அதன் பின்னால் வரும். படித்தால்தான் உரிமை என்பது உத்திரமேரூர் ஒழுங்கு. உரிமை உன்னுடையது, அதை எடுத்து நடத்தப் படி என்பது அம்பேத்கர் காட்டிய வழி.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் இந்த ஊர்க் காலனியில் பிறந்தவள். 1976இல் ஐந்தாவதோடு படிப்பு நின்றது. தறி வேலைக்குப் போனேன். காஞ்சிப் பட்டு என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் நெசவிலேயே இணைப்பார்கள். கோர்வை என்று சொல்வோம். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். பெரியவர் நெய்வார். இன்னொரு பக்கம் கரைக்கான நாடாவைத் தள்ள ஒரு சின்ன ஆள் உட்கார வேண்டும். அந்தச் சின்ன ஆள் பெரும்பாலும் குழந்தைதான். அப்பா வாங்கிய முன்பணத்துக்கு நான் போய் உட்கார்ந்தேன். தறிக்குழிக்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் கால் சில்லென்று மரத்துப் போகும். மாடவீதிக் கடைகளில் கண்ணாடிக்குள் தொங்குகிற புடவையில் அந்தக் குழந்தையின் கை தெரியாது. என் அப்பா அந்த முன்பணம் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டதே கிடையாது. கேட்டாலும் நோட்டைக் காட்டினால் படிக்கத் தெரியாது. நோட்டு யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதுதான் கணக்கு.

1991இல் இங்கே காலனியில் இரவு வகுப்பு ஆரம்பித்தோம். அறிவொளி பற்றி தமிழ்நாடு முழுக்கப் பேச்சாக இருந்த காலம். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்த காலம். ஐந்தாவது படித்த நான்தான் டீச்சர். பெர்னிஸ் ராபின்சன் என்கிற பெயரே அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியையே நாங்களும் கேட்டோம், ஏனென்றால் எங்களிடம் வேறு பாடப்புத்தகம் இல்லை. என்ன படிக்கணும் உங்களுக்கு?

ஒரு பெரியப்பா, 60ஐத் தாண்டியவர், தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா பெயரில் இருந்த நிலத் தீர்வை ரசீது. "எம்மா, எனக்கு அ, ஆ எல்லாம் வேணாம். இதுல எங்கப்பன் பேரு எங்க கீது, அதைச் சொல்லிக் குடு." அந்தத் தாள்தான் அவருக்குப் பாடப்புத்தகம் ஆனது. ஒன்றரை வருடம் ஆயிற்று அவருக்கு. ஒரு நாள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயரைப் படித்து முடித்தவர், அதை ஒட்டி இருந்த சாதிப் பெயரையும் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பேரு போதாதா? இதை ஏன் சேத்து எழுதியிருக்கான்?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதில் தெரியாது. அந்தக் கேள்விக்காகத்தான் நான் மறுபடி படிக்கப் போனேன் என்று சொன்னால் மிகை இல்லை. 29 வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது. அப்புறம் பன்னிரண்டாவது. 41 வயதில் அஞ்சல் வழியில் வரலாறு பட்டம். படிக்கப் படிக்கத்தான் அந்தத் தாளின் வரலாறு தெரிந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர், 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருந்ததை, எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டே விரட்டலாம் என்கிற நிலையை, அதில் எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தை வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் எத்தனை ஏக்கர் இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கைநாட்டு வாங்கிய ஒரு தாள் போதுமானதாக இருந்தது, நிலம் கைமாற. காரணை ஊர் மக்கள் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்கிற இரண்டு தோழர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியை எங்கள் இரவு வகுப்பில் செய்தித்தாளிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். பெரியப்பாவும் படித்தார்.

அவருடைய நிலம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவருடைய பேத்தி இப்போது கைப்பேசியில் அரசு இணையதளத்தைத் திறந்து அ-பதிவேட்டைப் பார்த்து மனு எழுதுகிறாள். கல்வி உடனே நிலத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு குடும்பம் அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்தவில்லை. வாழ்நாள் முழுக்கக் கற்பது என்றால் எனக்கு அதுதான். சான்றிதழ் வரும், போகும். ஒருவர் பாதியில் விட்ட கேள்வியை அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நாம் இவ்வளவு படித்தோமே, சாதி போய்விட்டதா?

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் கொலம்பியாவுக்குப் போய்ப் படித்தார். பிறகு லண்டன். 1917இல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாக வேலைக்கு வந்தார். அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். உலகத்தில் எந்தப் படிப்பு மிச்சம் இருந்தது அவர் படிப்பதற்கு?

நம் காலத்துக்கு வாருங்கள். 2003இல் விருத்தாசலம் அருகே முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். முருகேசன் பொறியியல் பட்டதாரி. கண்ணகியும் படித்தவர். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025இல். இடையில் 22 ஆண்டுகள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். பொறியியல் மாணவர். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டார். மென்பொருள் பொறியாளர். இவர்கள் எல்லோரும் "நல்லாப் படி" என்று சொன்னதைக் கேட்டவர்கள். படித்தார்கள், தேறினார்கள். தேர்வில் அவர்கள் தோற்கவில்லை. தேர்வு எழுத வேண்டியவர்கள் இன்னொரு பக்கம் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் வினாத்தாளை நீட்டவே இல்லை.

இந்த இடத்தில்தான் அன்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கொன்றவர்களும் அன்பைத்தான் பேசுகிறார்கள். "பெத்த பாசம்," "பொண்ணு மேல வச்ச பாசம் தாங்காம." செய்தியில் அப்படித்தான் எழுதுகிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 2000இல் அன்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்வது இதுதான்: அன்பு மனதில் ஊறும் உணர்ச்சி மட்டும் இல்லை, அது நாம் செய்கிற செயல். அன்பும் வன்கொடுமையும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. எவ்வளவு எளிமையான விஷயம்! ஆனால் நம் குடும்பங்களில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு கடினம்! அடிப்பதும் பாசம், பூட்டி வைப்பதும் பாசம், விஷத்தைக் கொடுப்பதும் பாசம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது பாசம் இல்லை, உடைமை. என் நிலம், என் மாடு, என் மகள் என்கிற வரிசையில் வருகிறது.

அம்பேத்கர் தன் கடைசி நூலான 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதும்போது மைத்ரி என்கிற சொல்லை எடுத்துக்கொள்கிறார். கருணை மனிதர்கள் மீதான அன்பு, மைத்ரி எல்லா உயிர்கள் மீதும் விரியும் அன்பு என்று விளக்குகிறார். 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதே சகோதரத்துவம் என்பது ஜனநாயகத்தின் இன்னொரு பெயர் என்றவர் அவர். அதாவது அன்பை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அதை அரசியல் சட்டத்தின் முகப்புரைக்கே கொண்டுவந்தார். இன்னொன்றும் பாருங்கள். உடம்பெல்லாம் நோய், கண் பார்வை மங்கல். அந்த நிலையிலும் 1956 டிசம்பரில் இறப்பதற்கு முந்தைய நாள் வரை அந்த நூலின் வேலையில் இருந்தார். கடைசி வரை கற்றவர் கடைசியாகக் கற்றுக்கொண்டிருந்தது அன்பைப் பற்றி.

என் சொந்த வாழ்க்கையில் ஒன்று சொல்கிறேன். நான் தறி வேலை செய்த இடத்தில் பழகிய ஒருவரை 1988இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவர் நெசவாளர் சாதி. காலனியிலேயே குடியிருந்தோம். அவருடைய அம்மா, என் அத்தை, பதினோரு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நாங்கள் போய்க் காலில் விழவில்லை. அதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். "பெரியவங்க, நீங்கதான் இறங்கிப் போகணும்" என்றார்கள். மறுபடியும் பாருங்கள், தேர்வு எழுத வேண்டியது யாராம்? நாங்களாம்!

1999இல் ஒரு நாள் சாயங்காலம் அத்தை இரவு வகுப்புக்கு வந்தார். என் வீட்டுக்கு இல்லை, வகுப்புக்கு. கையில் நெசவுக் கூலி வரவு வைக்கிற பாஸ்புத்தகம். அதில் எவ்வளவு எழுதுகிறார்கள், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்த கை அது. ஓர் எழுத்தும் தெரியாது. சாதியில் எங்களுக்கு மேலே நின்ற அவரும், என் அப்பாவைப் போலவே அடுத்தவர் நோட்டை நம்பி வாழ்ந்திருக்கிறார். "இதுல என்னா போட்டுருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். "நான் பார்த்துச் சொன்னால் அடுத்த மாசமும் வரணும். நீங்களே படிங்க அத்தை, உட்காருங்க" என்றேன். பாயில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் காலனிப் பெரியம்மா, அந்தப் பக்கம் காலனிப் பெரியப்பா. குடிக்கத் தண்ணீரைத் தன் சொம்பில் கொண்டுவந்திருந்தார். சில மாதம் அந்தச் சொம்பு வந்தது. ஒரு கட்டத்தில் வரவில்லை. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பானைத் தண்ணீரை எல்லோரோடும் குடித்தார்.

இதைச் சொல்லிக் கைத்தட்டு வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்பு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று சொல்வதற்காகவும் இல்லை. பதினோரு வருடம் என்பது ஒரு குழந்தை பிறந்து ஆறாவது போகிற காலம். அந்தக் காலத்தை எங்களுக்கு யாரும் திருப்பித் தர முடியாது. நான் சொல்ல வருவது வேறு. அத்தை மாறியது நாங்கள் பணிந்து போனதால் இல்லை. எங்களிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒரு தேவை வந்து அவருக்குச் சொன்னது. சேரியில் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் சாதி அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தை அவர் அந்தப் பாயில் உட்கார்ந்து அழித்தார். அப்போது தேர்வு எழுதியவர் அவர். எழுத முடிந்தது என்பதும் உண்மை.

அதனால் அன்பு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இதைச் சொல்வேன். யாரிடம் கற்க ஒன்றும் இல்லை என்று உனக்குச் சொல்லி வளர்த்தார்களோ, அவர் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் அன்பு. காதலிப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். இருவர் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். சாதி காதலைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்படுகிறது? அந்தப் படிப்பு வீட்டுக்குள்ளேயே நடந்துவிடும் என்பதால்தான்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அவர்கள் கற்று முடிக்கும்வரை நம் உரிமை காத்திருக்காது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக்கூடாது என்றது அது. சாதி இந்துக்களின் மனம் மாறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. 1950இல் அதையே அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு நாடு முழுக்கச் சொன்னது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அன்பு மெதுவாக வரட்டும், சட்டம் முன்னால் போக வேண்டும். சட்டம் வழியைத் திறந்து வைத்தால்தான் அன்பு நடந்து வர முடியும். சட்டம் இல்லாத அன்பு கெஞ்சுவதில் முடியும்.

இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். அதனால் கையோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ள குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாதியை மீறிய திருமணம் செய்பவர்களுக்குப் பாதுகாப்புத் தரக் காவல்துறைக்கு வழிகாட்டுதலும் தந்திருக்கிறது. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும், அதில் ஆபத்து இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. அதில் புரோகிதரும் வேண்டாம், ஊரைக் கூட்டி அறிவிக்கவும் வேண்டாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆணவப் படுகொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று நாம் ஏன் கேட்கிறோம் என்பதை உங்கள் நண்பர்களுக்கு விளக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றையெல்லாம் காதல் வந்த பிறகு தேடாதீர்கள், இப்போதே படியுங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை, உயிர் இருக்கிறது.

அடுத்தது, உங்கள் வீட்டில் எழுத்துத் தெரியாத பெரியவர் இருந்தால், அவருக்கு என்ன படிக்க வேண்டும் என்று ஒரு தடவை கேளுங்கள். 'இந்த வயசுல எதுக்கு' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பட்டாவோ, பாஸ்புத்தகமோ, பேரன் அனுப்பிய செய்தியோ, அவர் எதைச் சொல்கிறாரோ அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கிற மற்ற சாதித் தோழர்களுக்கு. நீங்கள் வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. காலனிக்கு வந்து எங்களுக்கு அம்பேத்கரைப் பற்றிச் சொல்ல வேண்டாம், நாங்கள் படித்துக்கொள்கிறோம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் சித்தப்பா முன்னால் 'சாதி ஒழிப்பு' நூலைச் சத்தமாக ஒரு பக்கம் வாசியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சாதிப் பெருமை வீடியோ வரும்போது பேசுங்கள். சண்டை வரும். வரட்டும். தங்கை யாரையோ விரும்புகிறாள் என்று வீட்டில் குரல் உயரும்போது, அந்த அறையில் அவள் பக்கம் நிற்கிற முதல் ஆளாக நீங்கள் இருங்கள். கண்ணகிக்கு அப்படி ஓர் ஆள் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்று நான் பல இரவு நினைத்திருக்கிறேன். அந்த அறைக்குள் எங்களால் வர முடியாது. உங்களால் முடியும். உங்கள் தேர்வுக்கூடம் அதுதான்.

எனக்கு 60 வயது நெருங்குகிறது. இப்போது என் மகளிடம் ஆங்கிலம் படிக்கிறேன். தீர்ப்புகளை நேரடியாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. மகள் சலித்துக்கொள்ளாமல் சொல்லித் தருகிறாள். பெரியப்பா கேட்ட கேள்வி என்னிடம் இன்னும் பாக்கி இருக்கிறது. பேரு போதாதா, இதை ஏன் சேத்து எழுதியிருக்கான்? பதிலை நான் முழுசாக எழுதி முடிக்க மாட்டேன் என்று தெரியும். உங்களில் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.